ஹட்டன் திறக்கிறது, தலவாக்கலை திறக்கவில்லை: பைதனில் கோப்பு தேடும் சிக்கல்

கொத்மலை_மழை:
வணக்கம். இந்தப் பகுதியின் வழக்கப்படி கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிறுதோட்டக்காரர்களிடம் கொழுந்து எடுக்கும் ஒருவரிடம் கணக்கு எழுதுகிறேன். எட்டு இடங்களில் தராசு இருக்கிறது. ஒவ்வோர் இடத்திலிருந்தும் நாளுக்கு ஒரு சிஎஸ்வி கோப்பு (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) வரும். பெயர், கிலோ, தண்ணிக்கழிவு, அவ்வளவுதான் உள்ளே. கோப்பின் பெயர் வெறும் திகதி எண். டி டிரைவில் இடத்துக்கு ஒரு ஃபோல்டர், பெயர்கள் எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில். மாத முடிவில் எல்லாவற்றையும் கூட்ட ஒரு பைதன் நிரல் எழுதினேன்.

வேடிக்கை என்னவென்றால் ஹட்டன், கொத்மலை, பூண்டுலோயா மூன்றும் ஒழுங்காகத் திறக்கின்றன. தலவாக்கலை, நானுஓயா, ராகலை, பண்டாரவளை, அக்கரப்பத்தனை ஐந்தும் திறக்கவில்லை. பிழை எண் 22, தவறான உள்ளீடு என்கிறது. ஃபோல்டர் கண்ணெதிரே இருக்கிறது. பெயரை நான்கு தடவை சரிபார்த்துவிட்டேன். திறக்கிற மூன்றுக்கும் ஏதோ எச்சரிக்கை வருகிறது, திறக்காத ஐந்துக்கும் ஓர் எச்சரிக்கையும் இல்லை. தலை சுற்றுகிறது.

பிரட்டு_அண்ணன்:
தம்பி, பாதையை எப்படி எழுதியிருக்கிறீர்கள்? டி, முக்காற்புள்ளி, ஒரு பின்சாய்வு, உடனே ஃபோல்டர் பெயர், அப்படித்தானே? பிழைச்செய்தியின் கடைசியில் வரும் பாதையை எழுத்துக்கு எழுத்து பார்த்துச் சொல்லுங்கள். எத்தனை \ இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று.

கொத்மலை_மழை:
அப்படித்தான் அண்ணே. தலவாக்கலைக்கு முன்னால் ஒரே ஒரு \, திகதி எண்ணுக்கு முன்னால் இரண்டு \\. பண்டாரவளையில் இன்னும் மோசம், முதல் எழுத்தான 'பி'யே காணோம். அந்த இடத்தில் \ போட்டு 'எக்ஸ்08' என்று இருக்கிறது.

பிரட்டு_அண்ணன்:
அதுதான் விஷயம். ஊர் பெயரில் குற்றமில்லை, ஊரின் முதல் எழுத்தில் இருக்கிறது.

பைதனில் மேற்கோளுக்குள் பின்சாய்வு வந்தால் அது அடுத்த எழுத்தோடு சேர்ந்து வேறு பொருள் கொள்ளும். பின்சாய்வும் 'டி'யும் (தலவாக்கலையின் முதலெழுத்து, டிரைவின் 'டி' அல்ல) சேர்ந்தால் டேப் இடைவெளி. 'என்' சேர்ந்தால் புது வரி. 'ஆர்' சேர்ந்தால் வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு. 'பி' சேர்ந்தால் ஓர் எழுத்து பின்னே போ. 'ஏ' சேர்ந்தால் பழைய காலத்து மணியோசை. இப்போது உங்கள் ஐந்து ஊரின் ஆங்கில முதலெழுத்தையும் வரிசையாகப் பாருங்கள். நீங்கள் தலவாக்கலையைத் திறக்கச் சொல்லவில்லை. 'டி டிரைவ், ஒரு டேப், ஹலவாக்கலை' என்ற கோப்பைத் திறக்கச் சொல்லியிருக்கிறீர்கள்.

ஹட்டனின் 'எச்', கொத்மலையின் 'கே', பூண்டுலோயாவின் 'பீ' (பண்டாரவளையின் 'பி' வேறு) எதற்கும் அப்படி ஒரு பொருள் இல்லை. அதனால் பின்சாய்வு அப்படியே நின்று, தற்செயலாகச் சரியான பாதை கிடைத்திருக்கிறது. 'இது எனக்குத் தெரியாத சேர்க்கை' என்றுதான் 3.12 பதிப்பிலிருந்து பைதன் வெளிப்படையாக எச்சரிக்கிறது. அதனால்தான் வேலை செய்வதற்கு எச்சரிக்கை, செய்யாததற்கு மௌனம். டேப் என்பது முறையான சேர்க்கை, அதை எதற்கு எச்சரிக்க வேண்டும்?

பிழைச்செய்தியில் உண்மையான பின்சாய்வை இரட்டையாகக் காட்டுவார்கள். ஒற்றையாக வந்தால் அது பின்சாய்வே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லயத்து_நிலா:
உயர்தர ஐசிடி பிள்ளைகளுக்குப் பைதன் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த உதாரணத்தைத் திங்கட்கிழமை வகுப்புக்கு எடுத்துக்கொள்கிறேன், கொத்மலைத் தம்பி கோபிக்கக் கூடாது. புத்தகத்தில் டேப், புது வரி என்று வரிசையாகப் பாடமாக்குகிறார்கள். நுவரெலியாவைச் சின்ன எழுத்தில் எழுதினால் வரி உடையும், பெரிய 'என்' போட்டு எழுதினால் நிரல் ஓடவே ஓடாது என்று சொன்னால் ஒருவருக்கும் மறக்காது. பெரிய 'என்'னுக்குப் பிறகு பைதன் ஒரு யூனிகோட் எழுத்தின் பெயரை எதிர்பார்க்கும், அதனால்தான். விண்டோஸின் 'யூசர்ஸ்' ஃபோல்டரில் பலர் முட்டிக்கொள்வதும் இதே மாதிரி, பெரிய 'யூ'வுக்குப் பிறகு எட்டு இலக்கம் கேட்கும்.

கொத்மலை_மழை:
கோபமெல்லாம் இல்லை டீச்சர். முன்சாய்வு / போட்டு எழுதிப் பார்த்தேன், எட்டும் திறந்துவிட்டன! மேற்கோளுக்கு முன்னால் 'ஆர்' (பின்சாய்வை அப்படியே விடு என்ற குறி) போட்டாலும் சரியாக வருகிறது. எது நல்லது?

ஹப்புத்தளை_காற்று:
முன்சாய்வே போடு தம்பி. விண்டோஸும் அதை ஏற்கும், லினக்ஸும் மெக்கும் அதைத் தவிர வேறு ஏற்காது. 'ஆர்' போட்டாலும் கடைசி எழுத்தாகப் பின்சாய்வு வைக்க முடியாது, மேற்கோள் மூடாது. பாதையின் துண்டுகளை இணைக்க எனக்கு ஓஎஸ்.பாத்.ஜாயின் போதும். பத்து வருடமாக அதில்தான் எழுதுகிறேன்.

பிரட்டு_அண்ணன்:
காற்று சொல்வது சரி. ஆனால் புதிதாக எழுதுகிறவர் பாதைகளைக் கையாளும் பைதன் தொகுதியான பாத்லிப்பில் தொடங்கலாம். 2014இல் 3.4 பதிப்போடு வந்தது. 3.6 பதிப்பிலிருந்து ஓப்பன் கட்டளையே பாத்லிப்பின் பாதையை நேரடியாக வாங்கிக்கொள்கிறது. கோப்புறை / பெயர் என்று கணக்கு மாதிரி எழுதலாம், பெயரின் வால் (புள்ளிக்குப் பின் வரும் பகுதி) என்ன, தாய்க் கோப்புறை எது என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம்.

ஹப்புத்தளை_காற்று:
பாத்லிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். மேற்கோளுக்குள் பின்சாய்வோடு தலவாக்கலையை எழுதிப் பாத்லிப்புக்குக் கொடுத்தாலும் அதே டேப்தான். பாத்லிப் கையில் வாங்கும் முன்பே எழுத்து மாறிவிட்டது.

பிரட்டு_அண்ணன்:
அதை மறுக்கவில்லை. நல்ல குறிப்பு.

கொத்மலை_மழை:
மறுபடி வந்துவிட்டேன். வீட்டு மடிக்கணினியில் வேலை முடிந்தது. ஒஃபிஸில் இருப்பது பழைய பெட்டி, விண்டோஸ் நகராததால் யாரோ உபுண்டு போட்டுவிட்டார்கள். அங்கே டி டிரைவே கிடையாது. நிரல் பக்கத்திலேயே 'தரவு' என்று ஒரு ஃபோல்டர் வைத்து, பாதையைத் 'தரவு' என்று மட்டும் கொடுத்தேன். கையால் ஓட்டினால் ஓடுகிறது. மாலை ஏழு மணிக்குத் தானாக ஓட கிரானில் (குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் உபுண்டுவின் வசதி) போட்டால், அப்படி ஒரு கோப்புறை இல்லை என்கிறது. அதே கணினி, அதே நிரல்!

பிரட்டு_அண்ணன்:
'தரவு' என்று மட்டும் சொன்னால், நிரல் இருக்கும் இடத்தில் பைதன் தேடாது. ஓட்டும் ஆள் அந்த நேரத்தில் எங்கே நிற்கிறாரோ அங்கேதான் தேடும். கையால் ஓட்டும்போது நீங்கள் அந்த ஃபோல்டருக்குள் நின்று ஓட்டியிருப்பீர்கள். கிரான் பொதுவாக உங்கள் வீட்டுக் கோப்புறையில் நின்று ஓட்டும். 'மேட்டு லயத்தில் மூன்றாவது வீடு' என்று வழி சொன்னால் எந்தத் தோட்டத்து மேட்டு லயம் என்று கேட்பார்களா இல்லையா?

நிரலின் முதல் வரிகளில் இதை எழுதிவிடுங்கள்: இருபுறமும் இரட்டை அடிக்கோடு போட்ட ஃபைல் என்ற மாறியைப் பாத்துக்குக் கொடுத்து, ரிசொல்வ் செய்து, அதன் பேரன்ட்டை எடுங்கள். அதுதான் நிரல் குடியிருக்கும் வீடு. அந்த வீடு / 'தரவு' என்று போனால் எங்கிருந்து ஓட்டினாலும் அதே இடம்தான். டிரைவ் எழுத்தும் வேண்டாம். பயனரின் வீட்டுக் கோப்புறைக்குப் போக வேண்டுமென்றால் பாத்.ஹோம் இருக்கிறது, விண்டோஸில் ஒன்று, உபுண்டுவில் ஒன்று என்று அதுவே பார்த்துக்கொள்ளும்.

கொத்மலை_மழை:
ஓடியது அண்ணே. மிக்க நன்றி.

கொத்மலை_மழை:
நன்றி சொல்லி நாலு நாள் ஆகவில்லை, ஒரு பெரியவர் கையில் துண்டுச்சீட்டுக் கட்டோடு வந்து நின்றார். அவருடைய சீட்டில் 26 நாள், என் கணக்கில் 24 நாள். இரண்டு நாள் கொழுந்தைக் காணோம். பிழை ஒன்றும் வரவில்லை. வீட்டு விண்டோஸில் அதே தரவை ஓட்டினால் 26 நாளும் வருகிறது. ஒஃபிஸ் உபுண்டுவில் 24. எனக்கு வியர்த்துவிட்டது. முதலாளி 'கம்ப்யூட்டர் கணக்குத்தான் சரி' என்று சொல்ல வாயெடுத்தார், நான் தடுத்து ஒரு நாள் தவணை கேட்டிருக்கிறேன்.

மேமலை_கணக்கு:
நான் கம்ப்யூட்டர் ஆள் இல்லை. முப்பது வருடம் செக்ரோல் (தோட்டத்து வேலைநாள், சம்பளப் பதிவேடு) எழுதியவன், பேரன் இந்தப் பக்கத்தைக் காட்டுவான், வாசிப்பேன். தம்பி தவணை கேட்டது நல்ல காரியம். அந்தக் காலத்தில் அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போட்டுவிட்டோம் என்று அந்தியில் ஒரு பெண் வந்து நின்றால், முதலில் தராசுப் புத்தகத்தைத்தான் எடுப்போம், செக்ரோலை அல்ல. செக்ரோல் நாம் எழுதியது. தராசுப் புத்தகம் மலையில் எழுதியது.

லயத்து_நிலா:
ஐயா சொன்னபடியே மூலக் கோப்புகளைப் பாருங்கள். காணாமல் போன இரண்டு நாளின் கோப்புப் பெயரில் வால் எப்படி இருக்கிறது? சிஎஸ்வி பெரிய எழுத்திலா, சின்ன எழுத்திலா?

கொத்மலை_மழை:
டீச்சர்! பெரிய எழுத்தில். அந்த இரண்டு நாளும் வேறு ஒருவர் வேறு கணினியில் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

லயத்து_நிலா:
நினைத்தேன். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். மெக்கும் இயல்பாக அப்படியே. லினக்ஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். கோப்புப் பெயர்களைத் தேடி எடுக்கும் க்ளொப்பில் நீங்கள் சின்ன எழுத்து வாலைக் கேட்டீர்கள். அது சின்ன எழுத்துக்காரர்களை மட்டும் அழைத்து வந்தது. க்ளொப் பிழை சொல்லாது, அதுதான் ஆபத்து. ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் வெறுங்கையோடு அமைதியாகத் திரும்பும்.

க்ளொப்பில் வாலைக் கேட்காமல் எல்லாக் கோப்பையும் எடுங்கள். பிறகு ஒவ்வொன்றின் சஃபிக்ஸையும் லோவர் செய்து, அது சிஎஸ்வியா என்று ஒப்பிடுங்கள். உள்ளே உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கும் போக வேண்டும் என்றால் ஆர்க்ளொப். இன்னொன்றும் செய்யுங்கள்: இடத்துக்கு எத்தனை கோப்பு கிடைத்தது என்று ஓர் எண்ணிக்கையை அச்சிடுங்கள். 24 என்று அன்றே கண்ணில் பட்டிருக்கும்.

ஹப்புத்தளை_காற்று:
எக்செல் கோப்பு தேடுகிறவர்களுக்கு: யாராவது கோப்பைத் திறந்து வைத்திருந்தால், பெயருக்கு முன்னால் ~$ போட்ட ஒரு குட்டிக் கோப்பும் பக்கத்தில் இருக்கும். க்ளொப் அதையும் அள்ளிக்கொண்டு வரும், நிரல் விழும். அப்படித் தொடங்கும் பெயர்களைத் தள்ளிவிடுங்கள்.

கொத்மலை_மழை:
26 வந்துவிட்டது. பெரியவருக்குக் காசும் போய்விட்டது. அவர் சீட்டுக்கட்டைத் திரும்ப மடித்து ரப்பர் பட்டி போட்டுக்கொண்டுதான் போனார்.

அடுத்த தலைவலி. உபுண்டுவில் கூட்டிய கோப்பில் பெயர்கள் தமிழில். அதை வீட்டு விண்டோஸில் பைதனால் திறந்தால், 'சார்மேப்' ஏதோ 0எக்ஸ்81 பைட்டைப் படிக்க முடியவில்லை, இடம் 5 என்று நின்றுவிடுகிறது. முதல் பெயர் முருகன். அந்த வரியை அழித்துவிட்டு, அடுத்த பெயரான கமலாவை மட்டும் வைத்து ஓட்டினால் பிழை இல்லை, ஆனால் கோழி கிறுக்கிய மாதிரி ஏதோ வருகிறது.

ஹப்புத்தளை_காற்று:
இதற்குத்தான் ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்கிறேன். கோப்புப் பெயரும் ஆங்கிலம், உள்ளேயும் ஆங்கிலம். தொல்லை விட்டது.

பிரட்டு_அண்ணன்:
காற்று, கமலாவை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் நம் எட்டுத் தராசிலும் எட்டு விதமாக எழுதுவார்கள். அப்புறம் கூட்டும்போது எட்டுக் கமலா. தமிழில் ஒரே கமலாதான்.

தம்பி, முருகனும் கமலாவும் அருமையான சோதனை, தெரியாமலே செய்துவிட்டீர்கள். எழுத்தை எந்த அட்டவணைப்படி பைட்டாக மாற்றுவது என்பதுதான் என்கோடிங். யூடிஎஃப்-8 என்ற என்கோடிங்கில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். ஆங்கில அமைப்பில் உள்ள விண்டோஸில், நீங்கள் என்கோடிங் சொல்லாவிட்டால், பைதன் 1252 என்ற பழைய மேற்கத்திய அட்டவணையை வைத்துப் படிக்கும். அந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி: 81, 8டி, 8எஃப், 90, 9டி. இப்போது பாருங்கள். தமிழ்ப் புள்ளியின் மூன்றாவது பைட் 8டி. உகரக் குறி ( ு ) முடிவது 81இல். ஏ, ஐ இரண்டும் முடிவது 8எஃப், 90இல். 'மு' என்பது 'ம' மூன்று பைட், உகரக் குறி மூன்று பைட். சுழியத்திலிருந்து எண்ணினால் உகரக் குறியின் கடைசி பைட் சரியாக ஐந்தாவது இடம். பைதன் சொன்ன அதே இடம்!

கமலாவில் புள்ளியும் இல்லை, உகரமும் இல்லை. அதனால் காலி இடத்தில் கால் வைக்காமல் தப்பிவிட்டாள், ஆனால் வேறு எழுத்துகளாக மாறிப்போய்த் தப்பினாள். பிழை சொல்லி நின்ற முருகன் பரவாயில்லை, சொல்லாமல் கெட்ட கமலாதான் ஆபத்து.

மருந்து ஒரு வரி. ஓப்பன் எங்கே வந்தாலும் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று எழுதுங்கள், படிக்கவும் எழுதவும். 3.15 பதிப்பிலிருந்து அதுவே இயல்பாகும் என்று முடிவாகியிருக்கிறது. ஆனால் வீட்டு மடிக்கணினிக்கு 3.15 எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாம். சிஎஸ்வி எழுதும்போது நியூலைன் என்பதற்கு வெற்று மேற்கோள் கொடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸில் வரிக்கு நடுவே வெற்று வரி விழும்.

லயத்து_நிலா:
ஒரு சின்னச் சேர்க்கை. அந்தக் கோப்பை யாராவது எக்செலில் இரட்டைச் சொடுக்கித் திறந்தால் மறுபடி கிறுக்கலாகத் தெரியலாம். அவர்களுக்கு எழுதும்போது யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள், முன்னால் ஓர் அடையாளக் குறி சேரும், எக்செல் புரிந்துகொள்ளும். அந்தக் கோப்பைத் திரும்பப் படிக்கும்போதும் அதே சிக் வேண்டும். இல்லாவிட்டால், தலைப்பு வரி வைத்திருந்தால், முதல் தலைப்பான 'பெயர்' என்பதோடு கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டிக்கொண்டு, 'பெயர்' என்ற நெடுவரிசையே இல்லை என்று பைதன் சத்தியம் செய்யும். ஒரு மாலை முழுக்க இதில் போயிருக்கிறது எனக்கு.

மேமலை_கணக்கு:
பேரன் கேட்கச் சொன்னான். என்னிடம் பாமினியில் அடித்த பழைய பட்டியல்கள் கிடக்கின்றன. அதற்கும் இந்த மருந்து பிடிக்குமா?

பிரட்டு_அண்ணன்:
பிடிக்காது ஐயா. பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு மட்டும் தமிழ் வேடம் போடுகிறது. எந்த என்கோடிங்கில் திறந்தாலும் ஆங்கிலமே வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். பேரனை இங்கே தனி இழை தொடங்கச் சொல்லுங்கள்.

கொத்மலை_மழை:
முருகனும் கமலாவும் ஒழுங்காக வந்துவிட்டார்கள். இன்னும் ஒன்றே ஒன்று. பண்டாரவளைக் கணக்கை என் அத்தான் மெக்கில் பார்க்கிறார். பழைய வெளித் தட்டிலிருந்து 'கொழுந்து' என்று தமிழில் பெயர் வைத்த கோப்பை அனுப்பினார். உபுண்டுவில் கண்ணுக்குத் தெரிகிறது. நிரலில் 'கொழுந்து' என்று தேடினால் இல்லை என்கிறது. காற்று அண்ணே, ஆங்கிலத்தில் வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஹப்புத்தளை_காற்று:
சொல்லவில்லை, சிரிக்க மட்டும் செய்கிறேன்.

சரி, உதவியும் செய்கிறேன். அந்தப் பெயரின் நீளத்தை லென் போட்டுப் பார். நீ தட்டச்சிட்டது 8 வரும், அத்தான் அனுப்பியது 9 வரும் என்று பந்தயம்.

கொத்மலை_மழை:
8, 9. எப்படி?

ஹப்புத்தளை_காற்று:
'கொ' என்பதில் இருக்கும் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மெக்கின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ், பெயரைப் பிரித்துத்தான் வைத்துக்கொள்ளும். 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ், கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும். அத்தானின் தட்டு பழையது, பிரித்திருக்கும். லினக்ஸ் பைட்டுகளை மட்டும் பார்க்கும், அதற்கு இவை இரண்டு பெயர்.

யூனிகோட்டேட்டா என்ற தொகுதியில் நார்மலைஸ் இருக்கிறது. கோப்பின் பெயரையும் நீ தேடும் பெயரையும் என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிடு. 'தோட்டம்', 'செக்ரோல்' என்று ஓகாரம் வரும் பெயர்களுக்கும் இதே கதை. 'மலை' என்று பெயர் வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஒப்பிடுவதற்கு மட்டும் மாற்று; திறக்கும்போது வட்டில் இருக்கும் பெயரையே கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி காணோம் என்பான்.

தமிழில் நீளமாகப் பெயர் வைக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: லினக்ஸின் ஈஎக்ஸ்டி4இல் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். மூன்றால் வகுத்தால் 85 குறி. புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும்.

பிரட்டு_அண்ணன்:
ஆங்கிலக் கட்சிக்காரர் தமிழ் ஒகரத்தை எவ்வளவு அழகாகப் பிரித்துக் காட்டுகிறார் பாருங்கள்.

கொத்மலை_மழை:
வேலை செய்கிறது. கடைசிக் கேள்வி, நிஜமாகவே கடைசி. கூட்டி முடித்ததும் அறிக்கை தானாகத் திரையில் திறக்க வேண்டும். ஒஃபிஸில் இருக்கும் அக்காவுக்கு ஃபோல்டருக்குள் போய்த் தேடப் பிடிக்காது. வீட்டில் ஓஎஸ்.ஸ்டார்ட்ஃபைல் போட்டேன், நன்றாகத் திறந்தது. உபுண்டுவில் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது.

பிரட்டு_அண்ணன்:
ஸ்டார்ட்ஃபைல் விண்டோஸுக்கு மட்டும். பிளாட்ஃபார்ம்.சிஸ்டம் என்று கேட்டால் எந்த இயங்குதளம் என்று சொல்லும். விண்டோஸ் என்றால் ஸ்டார்ட்ஃபைல். டார்வின் என்றால் அது மெக், அங்கே 'ஓப்பன்' என்ற கட்டளை. லினக்ஸ் என்றால் 'எக்ஸ்டிஜி-ஓப்பன்'. பின்னிரண்டையும் சப்ப்ரொசெஸ்.ரன் வழியாக அழையுங்கள். கட்டளையையும் பாதையையும் ஒரே சரமாக ஒட்டாமல் பட்டியலாக, இரண்டு உறுப்பாகக் கொடுங்கள். ஒட்டினால் பெயரில் இடைவெளி வந்த அன்று உடையும்.

ஏழு மணிக்குக் கிரானில் ஓடும்போது இதைச் செய்யாதீர்கள். கிரானுக்குத் திரை எது என்று தெரியாது. அக்கா காலையில் வந்து சொடுக்க ஒரு தனிச் சின்ன நிரல் வையுங்கள், அது அறிக்கையைத் திறப்பதை மட்டும் செய்யட்டும்.

கொத்மலை_மழை:
இன்று காலை அக்கா சொடுக்கினார், லிப்ரே ஒஃபிஸில் அறிக்கை திறந்தது, தமிழ்ப் பெயரெல்லாம் ஒழுங்காக. எட்டு இடத்துக்கும் கோப்பு எண்ணிக்கை மேலேயே இருக்கிறது. ஏழில் 26. பூண்டுலோயாவில் மட்டும் 25.

போய்ப் பார்த்தால் அங்கே ஒரு நாள் கோப்பின் வால் சிஎஸ்வி.டெக்ஸ்ட் என்று இருக்கிறது. அனுப்பியவரின் விண்டோஸ் வாலை மறைத்து வைத்திருக்கிறது, அவருக்கு சிஎஸ்வி என்று மட்டும்தான் தெரிகிறதாம். வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பி, 'இதோ சரியாகத்தானே இருக்கிறது தம்பி' என்கிறார். மழை விட்டதும் பஸ் ஏறி நேரிலேயே போகிறேன்.